606-க்குத் திரும்பிய கடிதம்

பயம் வந்தால் கலைமகள் எண்களைச் சொல்வாள். தெருநாய் பின்னால் வந்தாலும், அலுவலகத்தில் யாராவது முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உதடு மெல்ல அசையும். கல்யாணமான புதிதில் ஏதோ சாமி பெயர் என்று நினைத்தேன். ஒருநாள் எதிரே வந்த லாரி எங்கள் வண்டியை உரசுவது போலப் போனபோது என் முதுகுக்குப் பின்னால் தெளிவாகவே கேட்டது: "ஆரணி ஆறு மூணு ரெண்டு, சேத்துப்பட்டு ஆறு சைபர் ஆறு, வந்தவாசி ஆறு சைபர் நாலு."

அவள் தபால் பட்டுவாடா செய்பவள். ஆரணியில் பட்டுத்தறிகள் உள்ள ஏழு தெருக்கள் அவள் வசம் பதினான்கு வருடம் இருந்தன. அவள் போய் மூன்று மாதமாகிறது. நாற்பத்தொரு வயது. பத்து நாள் காய்ச்சல்.

வெம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தாள். அப்பா சடையன், அம்மா சின்னபொண்ணு, இரண்டு பேருமே அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் காலனியில் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. வருகிற கடிதங்களை மொத்தமாக ரேஷன் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். அவளுடைய முதல் வேலைத் தேர்வுக்கான அழைப்பு ஒன்பது நாள் அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தது. கையில் கிடைத்தபோது தேர்வு முடிந்திருந்தது. அடுத்த வருடம் மறுபடி எழுதி இந்த வேலைக்கு வந்தாள். அரசாங்க வேலை என்பது அவள் வீட்டிலும் என் வீட்டிலும் அவள் ஒருத்திக்குத்தான். அது போய்விடும் என்ற பயம் நாள் முழுக்க அவள் கூடவே சைக்கிளில் வந்தது. பிறகு ஸ்கூட்டியில் வந்தது.

எண்களை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். முதல் எண் நாட்டின் எந்தப் பக்கம் என்று சொல்லும். ஆறு என்றால் தமிழ்நாடு, கேரளம். முதல் மூன்று எண்களைச் சேர்த்துப் பார்த்தால் பை எந்தப் பிரிப்பு அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்று தெரியும். கடைசி மூன்று, எந்தத் தபால் ஆபீஸ் வாசலில் போய் நிற்கவேண்டும் என்பது. "கலெக்டருக்குத்தாங்க நாம எல்லாம் ஒரே மாவட்டம். தபாலுக்கு இல்ல. ஆரணி வேலூரைப் பார்த்துகினு கீது, சேத்துப்பட்டு திருவண்ணாமலையைப் பார்த்துகினு கீது. பக்கத்து ஊருதான், ஆனா ரெண்டும் முதுகைத் திருப்பிகினு நிக்குது," என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் பயம் இருக்காது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ராஜ்குமார் என் கடைக்கு வந்தார். எனக்கு பஸ் நிலையத்துக்குப் பின்னால் டி.டி.பி. கடை. பி.காம். முடித்துவிட்டுக் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் அடிக்கிறேன். ராஜ்குமாரின் அக்காள் வீட்டுக்காரர் கந்தசாமி, நான்கு தறி வைத்திருக்கும் நெசவாளர். கந்தசாமி வீட்டில் இரண்டு வயதான பெண்கள் இருந்தார்கள். அவருடைய அம்மா கற்பகம், அம்மாவின் அக்காள் அபிதகுசாம்பாள். அபிதகுசாம்பாள் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும், ஒரு மணி நேரத்தில்.

ராஜ்குமார் செல்போனில் காட்டிய படம் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. அக்காளும் தங்கையும் ஒரே மாதிரிப் பட்டுப் புடவையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அவர் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார். படம் என் கம்ப்யூட்டருக்கு வந்தபோது எந்தப் பக்கம் காட்டினார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கேட்டிருக்கலாம். வெட்டி, மாலை போட்டு, விளக்கு வைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

பதினொரு மணிக்கு ராஜ்குமார் ஓடி வந்தார்.

"யோவ் நெடுஞ்செழியா! உசிரோட கீற பொம்பளைக்கு மாலை போட்டு முச்சந்தியில கட்டி வச்சிட்டியேயா! கற்பகம் அத்தையே வந்து பார்த்துட்டு, 'நான் இவ்ளோ அழகாவா கீறேன்'ன்றாங்க. எங்க மாமா அரிவாள எடுக்கறாரு!"

வேறு பேனர் அடித்துக் கொடுத்தேன். பழையதைச் சுருட்டி மேஜைக்கு அடியில் போட்டேன். கலைமகளிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பேனர் ஒன்றரை மணி நேரம் தெருமுனையில் இருந்தது. அந்த நேரத்தில்தான் அவள் அந்தத் தெருவுக்குள் போனாள். அன்று அவள் பையில் கற்பகத்துக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் இருந்தது. அனுப்பியவர் பானுப்ரியா, சேத்துப்பட்டு.

பானுப்ரியா கற்பகத்தின் மகள், கந்தசாமியின் தங்கை. ஆறு வருடத்துக்கு முன்னால் அன்பரசு என்ற பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்பரசு எங்கள் ஆட்களில் ஒருவன், நெசவுக் குடும்பம் இல்லை. அன்றைக்கே கந்தசாமி அம்மாவின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஆறு வருடமும் கற்பகம் கலைமகளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "சேத்துப்பட்டுலேர்ந்து எதுனா வந்துச்சா கலை?" ஒன்றும் வந்ததில்லை. வந்த முதல் கடிதம் அதுதான்.

தெருமுனையில் கலைமகள் பார்த்தது கற்பகத்தின் முகம். மாலை, விளக்கு. பெயர் இருந்த கீழ்ப்பாதியை வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மறைத்திருந்தன. கந்தசாமி வீட்டு வாசலில் பந்தல். உள்ளே தறிச் சத்தம் இல்லை. ஐஸ் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. சாவு வீட்டுக்குள் காக்கிச் சட்டையோடு போய்க் கையெழுத்துக் கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. கடிதத்தைக் கந்தசாமி கையில் கொடுக்கலாம் என்றால், தங்கை பெயரைப் பார்த்ததும் பந்தலிலேயே கிழித்துப் போடுவார். கையிலேயே வைத்திருக்கவும் பயம். போன மாதம்தான் இரண்டு கவர்களைப் பட்டுவாடா செய்யாமல் நிறுத்தி வைத்ததற்கு மெமோ வாங்கியிருந்தாள். கவரின் மேல் 'பெறுபவர் இறந்துவிட்டார்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டாள். பட்டுவாடாவைப் பதிகிற செல்போனிலும் அதே காரணத்தைத் தொட்டாள். சாயங்காலம் பை மூடப்பட்டு வேலூர் போய்விட்டது.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் என் கடைக்குள் வந்தாள். ஸ்டாண்டு போடாத ஸ்கூட்டி அவள் பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏங்க, கற்பகம்மா தெருக் குழாய்ல தண்ணி புடிச்சிகினு கீறாங்க."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"என்னைப் பார்த்து, 'சேத்துப்பட்டுலேர்ந்து எதுனா வந்துச்சா'ன்றாங்க. நான் வரலைன்னுட்டேன். பொய் சொல்லிட்டேன். பானுக்கு எட்டு மாசமாங்க. சேத்துப்பட்டு சந்தைக்குப் போற காய்கறிக்காரம்மா இப்பதான் எங்கிட்ட சொல்லிச்சு. பிரஷர் ஏறிகினே கீதாம், அசையாம படுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். நான் அவங்கம்மா செத்துட்டாங்கன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அதைப் படிச்சா அந்தப் பொண்ணு என்னாங்க ஆவும்?"

மேஜைக்கு அடியில் சுருட்டிக் கிடந்த பேனர் என் காலில் பட்டுக்கொண்டிருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.

இரண்டு பேரும் அவளுடைய அஞ்சலகத்துக்குப் போனோம். போஸ்ட் மாஸ்டர் சம்பந்தம் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர். "இதுவரைக்கும் செத்தவங்களுக்குப் பட்டுவாடா பண்ணவங்களைப் பார்த்திருக்கேன். உசிரோட கீறவங்களைச் சாவடிச்சவ நீதான்," என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பெரிய அலுவலகத்துக்குப் போன் செய்தார். தேடிப் பார்க்கிறோம், ஆனால் பை பையாக வந்து போகிற இடத்தில் ஒரு கவரைப் பிடித்துத் தருவதாக வாக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். "நடந்ததை எழுதிக் குடு. மறைக்காதே," என்றார் சம்பந்தம்.

அவள் எழுதினாள். முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவது தாளில் முடித்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டாள். ஆரணி, வேலூர், திருவண்ணாமலை. அதற்குக் கீழே சேத்துப்பட்டு. "இங்கேர்ந்து பஸ்ஸு ஏறினா ஒரு மணி நேரம். ஆனா கடுதாசி அப்படிப் போவாது. மேல வேலூர் போயி, அங்க பிரிச்சு, அண்ணாமலை போயி, அங்க பிரிச்சு, அப்புறம்தான் கீழ எறங்கும். எப்படியும் வெள்ளிக்கெழம ஆயிடும். நாளைக்கு நாம நேரா போயிடலாங்க. அது சுத்திகினு வரட்டும்."

அந்தத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணிக்கும் செல்போனில் கவரின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். வேலூர் என்று காட்டியது. சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் பார்த்தபோது சேத்துப்பட்டு வந்து சேர்ந்தது என்று இருந்தது. ஒரு நாள் முன்னதாக. "எந்தக் காலத்திலும் இவ்ளோ ஜல்தியா போனதில்லைங்க," என்றாள். அதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பட்டுவாடா பத்து மணிக்கு மேல் தொடங்கும்.

புறப்படும் முன்னால் கந்தசாமி வீட்டுத் தெருக் குழாயடிக்குப் போனோம். கற்பகம் குடத்தோடு நின்றிருந்தார். கலைமகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அடிப்பார் என்று நான் நினைத்தேன்.

கற்பகம் குடத்தை இறக்கி வைத்தார். "நான் செத்துட்டேன்னு எழுதிட்டியா?"

"ஆமாங்கம்மா."

"போவட்டும் வுடு. அப்படியாவது வருவா. பொணத்தைப் பார்க்கவாவது வருவா இல்ல?"

"அம்மா, அவங்களுக்கு எட்டு மாசம்."

கற்பகத்தின் முகம் மாறியது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கலைமகள் செல்போனை நீட்டி, பேசுங்க, பதிவாகும் என்றாள். கற்பகத்துக்கு அதில் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. கீழ்ப்பக்கம் வாயை வைத்து, "பானு, அம்மாடி. நான் உசிரோடதான் கீறேன். இந்தப் பொண்ணு பயந்துபோயி எழுதிட்டா, திட்டாதே. நீ அசையாம படு. உங்கண்ணன் வரான், வெச்சிடறேன்," என்று போனில் பேசுவது போலவே முடித்தார். கந்தசாமி உண்மையில் வந்துகொண்டிருந்தார், மொட்டையடித்த தலையோடு. நாங்கள் வண்டியைக் கிளப்பிவிட்டோம்.

சேத்துப்பட்டு ரோட்டில் ரொம்ப தூரம் வந்துவிட்டோம். முதுகில் எண்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஏதோ ஒரு ஏரிக்கரையில், அதற்கு மேல் மறைத்து வைக்க என்னால் முடியவில்லை.

"கலை, அந்தப் பேனர்…"

"தெரியுங்க."

"எப்படி?"

"ரெண்டாவது பேனரைப் பார்த்தேன் இல்ல. அடியில உங்க கடை பேர் இருந்துச்சு. மொத பேனரு மட்டும் யாரு போட்டிருப்பாங்க?"

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துகினு இருந்தேன். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

சம்பந்தத்திடம் அவள் கொடுத்த தாளை நான் பிறகு பார்த்தேன். 'வீட்டில் விசாரிக்காமல் எழுதியது என் தவறு' என்று இருந்தது. பேனரைப் பற்றி ஒரு வரி இல்லை.

கவரில் போன் எண் இல்லை, ஆனால் பானுப்ரியாவின் தெரு அவளுக்கு நினைவிருந்தது. கவரின் பின்பக்கத்தை வாசிக்காமல் அவள் எதையும் திருப்பி அனுப்பமாட்டாள். தெருவுக்குள் திரும்பும்போதே அந்த ஊர்த் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். வெள்ளை மீசை, பெயர் சுப்பன். கலைமகள் வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கி ஓடினாள்.

"அண்ணே, பானுப்ரியாவுக்குத் திரும்பி வந்த கவர் கீதா?"

"இன்னாம்மா, ஆரணி ஸ்டாஃபா? இங்க இன்னா வேல?"

"அதுல எழுதினது நான்தாண்ணே. தப்பு. அவங்கம்மா உசிரோட கீறாங்க."

சுப்பன் கையிலிருந்த கட்டைப் பிரித்துக் கவரை எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உங்கிட்ட குடுக்கமாட்டேன். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் கீது."

"குடுக்க வேணாண்ணே. நீங்களே குடுங்க. நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க. அவ்ளோதான்."

அவர் யோசித்தார். "சரி, போ. என் சைக்கிளும் கெழவன், நானும் கெழவன். மெதுவாத்தான் வருவோம்."

அன்பரசு வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டு உண்ணாமலை என்ற அம்மாள் துணைக்கு இருந்தார். பானுப்ரியா கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"எழாதீங்க. உங்கம்மா நல்லா கீறாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் ஆரணி தபால்காரி. ஒரு தப்பு பண்ணிட்டேன்." கலைமகள் சொல்லிக்கொண்டே செல்போனில் குரலை ஓடவிட்டாள்.

ஆறு வருடம் கேட்காத குரல். அம்மாடி என்ற இடத்தில் பானு கண்ணை மூடிக்கொண்டாள். உங்கண்ணன் வரான் என்று வந்ததும் லேசாகச் சிரித்தாள். சுப்பன் உள்ளே வந்து கவரை நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே போனார். பானு கவரின் மேல் இருந்த எழுத்தைப் படித்தாள். கலைமகளின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. பானுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை குரலைப் போடச் சொன்னாள். கலைமகள் மூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

அப்போது பானு கேட்டாள்.

"சாவு வீடுன்னு பார்த்துத்தானே எழுதியிருக்கீங்க. அப்போ எங்க வீட்ல யாரு போனது, அக்கா?"

அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு நாளாக ஒருவர் உயிரோடு இருப்பதைச் சொல்ல ஓடி வந்தோம். அந்த வீட்டில் ஐஸ் பெட்டி இறங்கியது நிஜம் என்பதை மறந்தே போனோம்.

"பெரியம்மாவா?" என்றாள் பானு. "என்னை வளர்த்தது அவங்கதான். அவங்களா?"

உண்ணாமலை கலைமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்பது போல. பொய் சொல்லலாம். குழாயடியில் ஒரு தடவை சொன்னவள்தானே. கலைமகளின் உதடு அசைந்தது. எண்கள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அது நின்றது. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். பானுவின் வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா. செவ்வாக்கெழம விடிகாலைல. தூக்கத்திலயே போயிட்டாங்களாம்."

பானுவிடமிருந்து வந்த சத்தத்தை எழுத முடியாது. உண்ணாமலை ஆட்டோவுக்கு ஓடினார். பன்னிரண்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மதியம் இரண்டு மணிவரை அந்த வராண்டாவில் நின்றோம். கலைமகள் உட்காரவே இல்லை. நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு வாந்தி வந்தது.

நாங்கள் புறப்படும் முன்னால் பானு அவளைக் கூப்பிட்டு, கையில் பிடித்தபடியே கொண்டுவந்திருந்த அதே கடிதத்தை, உண்ணாமலை வாங்கி வந்த புதுக் கவரில் போட்டுக் கொடுத்தாள். "நீங்களே கையோட எடுத்துகினு போயிடுங்கக்கா." கலைமகள் மறுத்துவிட்டாள். சேத்துப்பட்டு அஞ்சலகத்தில் புதிதாக அனுப்பினாள். அது திருவண்ணாமலை போய், வேலூர் போய், சனிக்கிழமை அவள் பைக்கே வந்தது. குழாயடியில் கற்பகத்தின் கையில் கொடுத்தாள். மூன்று வாரத்தில் பானுவுக்குப் பெண் குழந்தை. கலைமகளுக்கு ஒரு மெமோ, ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம். வேலை போகவில்லை.

இந்த ஐப்பசியில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு நாளும் அதே எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு மூணு ரெண்டுக்குப் பிறகு வருவது அவளுக்கு நினைவு வரவில்லை. நான் சொன்னேன். அவள் படத்தை வைத்து நான் பேனர் அடிக்கவில்லை.

போன திங்கட்கிழமை, அவள் இடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஸ்பீட் போஸ்ட். 'கலைமகள் அக்கா, தபால்காரம்மா' என்று எழுதி எங்கள் முகவரி. அனுப்பியவர் பானுப்ரியா. குழந்தைக்கு ஒரு வயது ஆகியிருக்கும்.

"சார், நீங்க வாங்கிக்கறீங்களா? இல்ல, வழக்கமா எழுதறத எழுதி அனுப்பிடட்டுமா?"

பட்டுவாடா ஆனால் மட்டும் அனுப்பியவருக்குச் செய்தி போகும். வாங்கிக்கொண்டால், சேர்ந்துவிட்டது என்று அங்கே பானுவின் செல்போனில் வரும். அக்கா இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள். வாங்காவிட்டால் அந்தச் சொல் அவள் கவரின் மேல் இரண்டாம் முறை போகும். இந்த முறை உண்மையாக.

"எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"

"நீங்க கேட்டா ஆபீஸ்ல ஏழு நாள் வச்சிருக்கலாம் சார்."

இன்று நான்காவது நாள். பானுவை என்ன சொல்லிக் கூப்பிடுவது, நின்றுகொண்டு சொல்வதா, கலைமகள் உட்கார்ந்தது போலத் தரையில் உட்கார்ந்து சொல்வதா என்று தெரியவில்லை. குழந்தை மடியில் இருக்குமே என்று பயமாக இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு சேத்துப்பட்டுக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஆறு மூணு ரெண்டு. ஆறு சைபர் ஆறு.